எமன் திசைக் கதவு

உஸ்மான் ரோட்டில் ராஜரத்தினம் ஜவுளி மாளிகையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ராஜரத்தினத்தைத் தெரியாதவர்கள் இருக்க அவர் விடுவதில்லை. கடை வாசலில் அவர் படம், காலண்டரில் அவர் படம், துணிப்பையின் இரண்டு பக்கமும் அவர் படம். மாம்பலம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்கூட அவர் முகத்துக்குள்தான் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அப்பேர்ப்பட்டவரிடம் போன வாரம் தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் வந்து, மாடியில் இருக்கும் தையல்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இத்தனை பெண்கள் வேலை செய்யறாங்க. இறங்க ஒரே படிக்கட்டு. நெருப்புன்னு ஒண்ணு வந்தா எப்படிப் போவாங்க? ரெண்டாவது வழி வேணும். திங்கட்கிழமை வருவேன். வழி இல்லைன்னா மாடியை மூடிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

காப்பி குடிக்காத அதிகாரியை ராஜரத்தினம் அன்றுதான் பார்த்தார். ஆடிப்போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வழி இருக்கிறது. மாடிக்கூடத்தின் தெற்குச் சுவரில் அருமையான தேக்குக் கதவு. 'தெற்கு எமன் திசை. அந்த வாசலைத் திறந்தால் வியாபாரம் படுத்துவிடும்' என்று ராஜரத்தினம் அதற்குத் தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாளுக்குப் பூட்டுப் போட்டு, பூட்டுக்கு முன்னால் ஒரு பூஜை மேடையும் போட்டுவிட்டார். திருச்செந்தூர் முருகனைத் தாண்டி எமன் உள்ளே வர முடியாது என்பது அவர் கணக்கு. தையல்காரப் பெண்கள் வெளியே போக முடியாது என்பது ஆய்வாளர் கணக்கு.

எமன் திசை என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். நிஜக் காரணம், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பது தம்பி இசக்கிமுத்துவின் மொட்டை மாடி.

ஒரு காலத்தில் கட்டிடம் முழுக்க ஒரே கடை. 'ராஜரத்தினம் - இசக்கிமுத்து பிரதர்ஸ்'. பலகை எழுதிய பெயின்டர், அண்ணன் பெயரை எழுதி முடிப்பதற்குள் முக்கால் பலகையைத் தீர்த்துவிட்டான். மிச்ச இடத்தில் தம்பி எறும்பு ஊர்கிற மாதிரி நின்றார். "மாத்தி எழுதச் சொல்லுங்கண்ணே" என்றார் தம்பி. "வயசுக்குத் தக்கன எழுத்து" என்றார் அண்ணன். கட்டிடத்தின் நடுவே சுவர் எழும்பியது. தம்பி தன் பாதியில் பாத்திரக்கடை வைத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே தெருவில் எதிரே வந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் செருப்பு வார் அறுந்துவிடும். குனிந்துகொள்வார்கள்.

இந்தச் சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள்தான் மீனாட்சி. ராஜரத்தினத்தின் மருமகள். கணவன் ஜவஹர் சரக்கு எடுக்க பம்பாய் போயிருக்கிறான். தையல்கூடத்தைக் கெஞ்சிக் கூத்தாடி மாமனாரிடமிருந்து வாங்கி நடத்துகிறாள்.

"மாடிக்குப் பூட்டு விழுந்துச்சோ, நீ அடுப்படிக்குத்தான்" என்று மாமனார் சொல்லிவிட்டார். தீபாவளி நெருங்குகிற நேரம். மாடியை மூடினால் மீனாட்சிக்கு அடுப்படியாவது இருக்கிறது. மாடியில் தைக்கிற பெண்களுக்கு அதுவும் எரியாது.

ராஜரத்தினமும் சும்மா இருக்கவில்லை. வழி தேடினார். கதவுக்கு அல்ல, பட்டத்துக்கு. கடைவீதி வர்த்தகர் மன்றத்தைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாதுகாப்பு விழா நடத்தி, 'பாதுகாப்புச் செம்மல்' என்ற பட்டத்தைத் தனக்கே கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

"செம்மல் கடையை எந்த ஆபீசர் மூடுவான்?" என்று மனைவி சொர்ணத்திடம் கேட்டார்.

"நெருப்புக்குச் செம்மல் யாருன்னு தெரியுமா?" என்றாள் சொர்ணம். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் இப்படித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மீனாட்சி மாடிக்கு வந்தபோது கோமளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கோமளம் சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து வருகிறவள். பாவாடை நாடா முதல் பட்டு ரவிக்கை வரை அவள் கைக்குப் படியாத துணி கிடையாது.

"இன்னா மீனாம்மா, உன் மணல் வாளிங்கள பாத்தியா?"

சுவரோரம் வரிசையாக மாட்டியிருந்த சிவப்பு வாளிகளைக் காணவில்லை.

"எங்கே போச்சு?"

"மணல கொல்லையில கொட்டிட்டு, கீய ரோஸ்மில்க் கலக்கிக்கினு கீறாங்க. விருந்தாளிக்கு டம்ளர்ல குடுக்கணுமாம். ஏனம் பத்தலியாம்."

மீனாட்சி படிக்கட்டுக்கு ஓடினாள். அங்கே அதைவிட மோசம். விழாவுக்கு வருகிறவர்கள் கண்ணுக்குக் கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, கூடத்திலிருந்த துணி மூட்டைகளையெல்லாம் படிக்கட்டில் ஒரு பக்கமாக அடுக்கியிருந்தார்கள். ஒல்லியான ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

அங்கே நடுப்படியில் நின்று, கீழே கட்டிக்கொண்டிருந்த அலங்கார வளைவை ரசித்துக்கொண்டிருந்தார் ராஜரத்தினம். தெர்மோகோலில் பஞ்சு ஒட்டி எழுதியிருந்தது: 'முன்னெச்சரிக்கையே மூலதனம்'. சுற்றிலும் கலர் காகிதம், சீரியல் பல்பு. ஒயர் நீளம் போதாமல் இரண்டை முறுக்கி, முறுக்கின இடத்தில் காகிதப்பூ சுற்றியிருந்தார்கள்.

"மாமா, படியில மூட்டை வைக்கக்கூடாது. நான் கோலம் போட்டு வச்சிருந்தேனே!"

மீனாட்சி கண்டுபிடித்த வழி அது. 'நடைபாதையில் மூட்டை வைக்காதீர்' என்று எழுதிப் போட்டுப் பார்த்தாள். அந்தப் பலகையின் மேலேயே மூட்டை வைத்தார்கள். அப்புறம் படிக்கட்டு நெடுகவும், கூடத்தில் மிஷின்களுக்கு நடுவிலும், மாவுக் கோடு இழுத்துக் காவி பூசிவிட்டாள். கோலத்தின் மேல் மூட்டையை இறக்க யாருக்கும் கை வரவில்லை. முதலாளி சொன்னால்தான் வரும். இன்று முதலாளி சொல்லிவிட்டார்.

"ஒரு நாளைக்குத்தானேம்மா. விழா முடிஞ்சதும் எடுத்துருவோம்."

"நெருப்பு ஞாயித்துக்கிழமை லீவு எடுக்காது, மாமா. அந்த ஒயருக்கு டேப்பாவது சுத்தச் சொல்லுங்க."

"பூ சுத்தியிருக்குல்லா?"

மீனாட்சி மேலே வந்தாள். முடிந்ததைச் செய்தாள். கரி இஸ்திரிப் பெட்டிகளை அணைத்து, கல்லின் மேல் வைத்தாள். வெட்டுத்துணிகளைக் கூட்டி அள்ளித் தகரத் தொட்டியில் போட்டு மூடினாள். மிஷின் பெல்ட்டுகளின் மேல் போட்ட தகர மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒரு தடவை. நான் கை தட்டினா என்ன செய்யணும்?"

"சுச்ச அணைக்கணும், முந்தானைய சொருவணும், கோலத்து மேலயே நடக்கணும்" என்று கோரஸாகச் சொன்னார்கள்.

"ஓடக்கூடாது. வரிசையா."

"எப்பிடி வரிசை தெரியுமா?" என்றாள் கோமளம், மற்றவர்களைப் பார்த்து. "தண்ணிக் கொயா வரிசை மாரி இல்ல. குடத்தால இடிச்சே, மவளே, உன்ன நெருப்புல நானே தள்ளுவேன். கோயிலு வரிசை மாரி."

"கோலம் எங்க போய் முடியுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

கோலம் தெற்குக் கதவில் போய் முடிந்தது.

வெள்ளிக்கிழமையே மீனாட்சி அதற்கொரு வேலை செய்திருந்தாள். 'விழாவுக்கு வெள்ளையடிக்க வேண்டும்' என்று பூஜை மேடையை அகற்றி, முருகன் படத்தை நேரே கதவிலேயே திருகாணி போட்டு முடுக்கிவிட்டாள். விளக்கைத் தள்ளி ஒரு கல் மாடத்தில் வைத்தாள். துடைப்பதற்கென்று கழற்றிய பூட்டைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டாள். இருந்த ஒரு தாழ்ப்பாளையும் சம்பங்கி மாலை மறைத்தது. மாமனார் சாமி கும்பிடும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்கிற வழக்கம் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆனால் கதவு அந்தப் பக்கமாகத் திறக்கிற கதவு. அந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டிருந்தால்?

மீனாட்சி பின்சந்து வழியாகப் போனாள். இசக்கிமுத்து வீட்டு இரும்புப் படியின் அடியில், அவர் மனைவி சண்முகவடிவு மோர் மிளகாய்த் தட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

"சின்ன அத்தை, ஒரு உதவி. மாடிக் கதவுக்கு உங்க பக்கத்துத் தாழ்ப்பாளை மட்டும் எடுத்து விட்டுருங்களேன்."

சண்முகவடிவு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

"தாழ்ப்பாள் சமாச்சாரமெல்லாம் உங்க சின்ன மாமாட்டதான் கேக்கணும். எனக்கு மிளகாக் காயப்போடணும், வாரேன்."

ஏறிப் போய்விட்டாள். சின்ன மாமாவோ கடையில் இருந்தார். மருமகள் முன்வாசல் வழியாகத் தம்பி கடைக்குள் போவதை ராஜரத்தினம் பார்த்தால், விழாவுக்கு முன்னாலேயே தீப்பிடித்துவிடும்.

*

சாயங்காலம் மாடிக்கூடம் நிறைந்துவிட்டது. தைக்கிற பெண்கள் சீருடைப் புடவையில் மிஷின் முன்னால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வர்த்தகர் மன்றத்தார் நாலு பேர் நாற்காலியில். நடுவில் விழாத் தலைவர் கஸ்தூரிரங்கன்.

மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன் பெரிய உத்தியோகத்திலிருந்து ரிடையரானவர். ரிடையரான பிறகு தலைமை தாங்குவதையே முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டிருக்கிறார். காலையில் கால்நடை, மத்தியானம் குழந்தைகள் நலம், இப்போது தொழிற்சாலைப் பாதுகாப்பு, இது முடிந்ததும் அடையாறில் ஒரு வீணைக் கச்சேரி. நான்குக்கும் ஒரே பேச்சுதான். பெயர்ச்சொற்களை மட்டும் மாற்றிக்கொள்வார்.

"பாதுகாப்புங்கறது இருக்கே, அது மனுஷாளுக்குப் பால் மாதிரி" என்று ஆரம்பித்தார். காலையின் வாடை இன்னும் போகவில்லை.

ராஜரத்தினம் பூரித்துப் போய் நின்றார். பக்கத்தில் சொர்ணம். தோளில் நைலான் பொன்னாடை. கையில் பட்டம் எழுதிய வெள்ளித் தட்டு வரப்போகிறது.

இந்த நேரத்தில், கீழே, காகிதப்பூவுக்குள் முறுக்கியிருந்த ஒயர் ஒரு பொறி விட்டது. முதலில் 'முன்னெச்சரிக்கை' பற்றிக்கொண்டது. 'மூலதனம்' கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. அங்கிருந்து படியடி மூட்டைக்குத் தாவியது.

மேலே யாருக்கும் தெரியாது. லேசாகப் புகை வந்தது. கஸ்தூரிரங்கன் மூக்கை உறிஞ்சினார்.

"சாம்பிராணி போட்டிருக்கேளா? பேஷ், பேஷ்! நம்மாத்துல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இப்படித்தான் கமகமன்னு..."

"சாம்பிராணியா?" கோமளம் எழுந்துவிட்டாள். "சாமி, அது நைலக்ஸ் பொடவ எரியுது!"

மீனாட்சி படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். கீழே எதுவும் தெரியவில்லை. கறுப்பாகப் புகை மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தது. திரும்பினாள். கை தட்டினாள்.

பாராட்டுக் கைதட்டல் என்று நினைத்து மன்றத்தார் நால்வரும் சேர்ந்து தட்டினார்கள். கஸ்தூரிரங்கன் கை கூப்பி ஏற்றுக்கொண்டார்.

பெண்கள் மட்டும் தட்டவில்லை. சுவிட்சை அணைத்தார்கள். முந்தானையைச் செருகினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கோலத்தின் மேல் நின்றார்கள்.

மீனாட்சி மாலையை ஒதுக்கித் தாழ்ப்பாளை இழுத்தாள். வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டபடி கதவைத் தள்ளினாள்.

அந்தப் பக்கம் எதுவும் தடுக்கவில்லை. கதவு முழுக்கத் திறந்து வெளிச்சுவரில் போய்ச் சாய்ந்தது. கதவோடு முருகனும் மாலையுமாக வெளியே போய், வெயிலில் தெற்கே பார்த்து நின்றார்.

"நடங்க. ஓடாதீங்க. கோமளம், நீ முன்னால."

"வா வா, கோயிலு வரிசை, கோயிலு வரிசை! மன்றத்து அண்ணாச்சிங்களே, நாக்காலிய வுட்டு எய்ந்திருங்க, நாக்காலியோட வராதீங்க!"

பெண்கள் போனார்கள். மன்றத்தார் போனார்கள். கஸ்தூரிரங்கன் மைக்கை விடவில்லை. கோமளம் திரும்பி வந்து மைக்கை அவர் கையிலிருந்து உருவி, அவரைக் கையைப் பிடித்து நடத்திப் போனாள். "இன்னும் முடிவுரை இருக்கே!" என்றார் பாவம்.

"அங்கப் போயி முடிச்சுக்கலாம், வா நைனா."

கடைசியில் வாசற்படியில் வந்து நின்றுவிட்டார் ராஜரத்தினம். பின்னால் புகை. முன்னால் தம்பியின் மாடி. மீனாட்சி அவர் தோளிலிருந்த நைலான் பொன்னாடையைப் பறித்து எறிந்தாள். ஒரு பொறி போதும் அதற்கு. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"தெக்கு வாசலா?" என்றார். "முருகன் தெக்கே பாத்துட்டானே, சொர்ணம்!"

"அவங்க அப்பாவே தெக்கே பாத்துத்தான் உக்காந்திருக்காரு. கோயில்ல தட்சிணாமூர்த்தின்னு விழுந்து விழுந்து கும்பிடுதியளே, அது யாரு?" என்றாள் சொர்ணம். "முருகன் முன்னால போயாச்சு. பின்னாலயே போங்க."

முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். பாதுகாப்புச் செம்மல் எமன் திசையில் போய் விழாமல் நின்றார்.

*

மொட்டை மாடியில் மீனாட்சி தலை எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள். இரண்டாவது முறையும் எண்ணிவிட்டுத்தான் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தாள். சண்முகவடிவு ஒரு சொம்பு தண்ணீரை அவள் கையில் திணித்தாள்.

இரும்புப் படியில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். இசக்கிமுத்து. தலையெல்லாம் மணல், வேட்டியில் கரி.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு. ஒண்ணும் பயமில்லை. வளைவும் அஞ்சாறு மூட்டையுந்தான் போச்சு. உங்க பயலுவ ரோஸ்மில்க் வாளியைத் தூக்கிட்டு ஓடி வாரானுவ. கரண்டு இருக்கும்போது ஊத்தினா உங்களையும் சேர்த்து அணைச்சிரும்லேன்னு சொல்லி, மெயினை ஆப் பண்ணிட்டு, எங்க கடை மணலை அள்ளிப் போட்டோம்."

அப்போதுதான் அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் தம்பியைப் பார்த்தார். இருவர் காலிலும் செருப்பில்லை. குனிய வழியில்லை.

எல்லோரும் இவர்களையே பார்த்தார்கள். இத்தனை வருஷம் கழித்து என்ன சொல்லப் போகிறார்களோ!

"அண்ணே" என்றார் இசக்கிமுத்து. "காலை எடுங்க. மிளகாயில நிக்கீய."

ராஜரத்தினம் ஒரு காலை எடுத்தார். வைக்க இடமில்லாமல், எடுத்த காலோடு கொக்கு மாதிரி நின்றார். சொர்ணம் கைபிடித்து நகர்த்தினாள்.

"உங்க பக்கத்துத் தாழ்ப்பாளைத் திறந்து வச்சீங்களே, சின்ன அத்தை. இல்லைன்னா..." என்றாள் மீனாட்சி.

"எந்தத் தாழ்ப்பாளு?" சண்முகவடிவின் சிரிப்பு இப்போது முழுசாகவே வந்துவிட்டது. "போய்ப் பாரு கதவை."

சுவரில் சாய்ந்திருந்த கதவை மீனாட்சி சற்று இழுத்து, அதன் மறுபக்கத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும், தூசி அடைந்து, பழசாக.

இசக்கிமுத்து கழுத்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சுவர் வச்ச அன்னைக்கே கழட்டிட்டேன். அண்ணனுக்கு அவசரம் ஆத்திரம்னு மைனி ஓடி வந்தா, தாழ்ப்பாளைத் தடவிக்கிட்டு நிக்க முடியுமா?"

எதற்கும் ஒரு சொற்பொழிவு கைவசம் வைத்திருக்கும் ராஜரத்தினம் வேட்டி நுனியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிளகா நெடி" என்றார்.

"மோர்ல ஊறின மிளகா. நெடி வராது" என்றாள் சொர்ணம்.

மீனாட்சி இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஆய்வாளர் வரார், சின்ன மாமா. இந்தக் கதவை ரெண்டாவது வழியாக் காட்ட நீங்க சம்மதிக்கணும்."

இசக்கிமுத்து அசடு வழியச் சிரித்தார். "எங்கிட்டயும் போன வாரமே வந்துட்டாரும்மா. மாடிக் கொட்டகையில பாத்திரத்துல பேரு வெட்டுத ஆளுங்க, பாலீஷ் போடுத ஆளுங்க இருக்காங்கல்லா. இந்த இரும்புப் படி ஒண்ணுதான் வழி. ரெண்டாவது வழி கேட்டாரு. எங்களுக்கும் இந்தக் கதவு ஒண்ணுதான்."

"பின்னே ஏம்லே எங்கிட்ட கேக்கலை?" என்றார் ராஜரத்தினம். சுவர் எழும்பிய பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

"நீங்க ஏன் கேக்கலை?"

"எனக்கு அது எமன் திசைலே!"

"அதான் பாருங்க. உங்களுக்கு ஒரு சாக்காவது கெடைச்சிது. எங்க பக்கமிருந்து பாத்தா அது வடக்கு. குபேரன் திசை. நான் என்னன்னு சொல்லித் தப்பிக்க?"

கோமளம் சிரித்த சிரிப்பு பாத்திரக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். ராஜரத்தினமும் சிரித்தார். விழா என்ற வார்த்தைக்கு அன்று முதன்முறையாக அர்த்தம் வந்தது. கஸ்தூரிரங்கன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான் வீணைக்குக் கிளம்பணும். இந்தத் தட்டை யார்ட்ட கொடுக்கணுமோ சொல்லிடுங்கோ" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளித் தட்டை மிளகாய்த் தட்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்றாள் மீனாட்சி. "பூட்டு, தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும் கிடையாது. ஒரு உருட்டுக் கொக்கி போதும். தள்ளினா திறக்கணும்."

"சம்மதம்" என்றார் அண்ணன்.

"சம்மதம்" என்றார் தம்பி.

"கதவு மேல ஒரு பலகை மட்டும் மாட்டணும், ஆய்வாளர் கேப்பார். பொது அவசர வழின்னு எழுதி, ரெண்டு கடைப் பேரும் போடணும்."

"போட்டுட்டாப் போச்சு" என்றார் அண்ணன், தாராளமாக.

"அதுக்கென்ன, போடுவோம்" என்றார் தம்பி, அதைவிடத் தாராளமாக.

சண்முகவடிவு காப்பி போடக் கீழே போக, சொர்ணமும் கூடவே போனாள். மாடியில் வெயில் தாழ்ந்தது. மீனாட்சி மூச்சு விட்டாள். நாளைக்கு அடுப்படி இல்லை.

ராஜரத்தினம் கதவை அண்ணாந்து பார்த்தார். அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏ முத்து..."

"என்னண்ணே?"

"பலகையில யார் பேரு முதல்ல?"